கறுப்பு இறக்கும் சாமி

பன்னேபள்ளிப் புளியந்தோப்பில் அந்த மாசி மாதம் இரண்டு கூட்டங்கள் கூடின. ஒன்று, ஓட்டுக் கேட்க ஓசூரிலிருந்து ஜீப்பில் வந்தவருக்கு. ரோடு போட்டுத் தருகிறேன் என்றார் அவர். பதினைந்து பேர் கேட்டார்கள், அதிலும் பாதிப்பேர் ஜீப்பைப் பார்க்க வந்தவர்கள். "எப்பப் போடுவீங்க? யாரு காசுல போடுவீங்க? போன தடவை சொன்னது என்னாச்சு?" என்று அவரைக் குடைந்து எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று, கறுப்பிறக்கி சாமிக்கு. ஜூஜுவாடியைத் தாண்டி, மைசூர் எல்லைக்குள் இருக்கும் அத்திப்பள்ளியிலிருந்தெல்லாம் அவரைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ரோடு கேட்டு வாயாடிய அதே ஊர், சாமி முன்னால் கை கட்டி நின்றது. அவரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

சாமி இந்தப் பக்கத்து ஆட்களிடம் தாம் கொள்ளேகாலத்துக்காரர் என்றார். மந்திரத்துக்குப் பேர்போன கொள்ளேகாலம் அப்போதுதான் மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்திருந்தது. மந்திரமும் கூடவே போய்விட்டதே என்று ஏங்கியிருந்தவர்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. மைசூர்ப் பக்கத்து ஆட்களிடம் அவர் கொல்லிமலைக்காரர். எல்லையோரத்தில் இது ஒரு வசதி. மந்திரத்தில்தான் கொஞ்சம் சிரமம். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் இங்கே சந்தைப் பேச்சு. எந்த மொழியில் ஜெபித்தாலும் ஒருவனுக்காவது புரிந்து தொலைக்கும். அதனால் சாமி மலையாள மந்திரம் சொன்னார். மலையாளம் தெரிந்த ஒருவன் வந்திருந்தால் அதுவும் மலையாளம் இல்லை என்று சொல்லியிருப்பான்.

புளி தட்டும் காலம் அது. பெண்கள் விடிந்ததிலிருந்து குந்தி உட்கார்ந்து, கட்டையால் புளியைத் தட்டித் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். பொழுது சாயும்போது முழங்கால் நீளாது, மணிக்கட்டு மடங்காது. இதற்குக் காரணம் புளி தட்டியதுதான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சாமி வந்து திருத்தினார்.

"வலின்னு ஒண்ணு கெடையாது. உங்களுக்கு ஆகாதவங்க வெச்ச கறுப்பு, மூட்டுல போயி உக்காந்திருக்குது. அதை எறக்கணும்."

இறக்குவதற்கு விபூதி கொடுத்தார். காலையில் குளித்துவிட்டு வெறும் வயிற்றில் ஒரு சிட்டிகை, உச்சிவேளையில் ஒன்று, பொழுது இறங்கும்போது ஒன்று. உச்சிச் சிட்டிகை உள்ளே போகும்வரை களி, மோர், ஒரு வாய்க் கஞ்சிகூடக் கூடாது. சோறு உள்ளே இருந்தால் கறுப்பு அதன் அடியில் ஒளிந்துகொள்ளுமாம். வலி கேட்காவிட்டால் சிட்டிகையைக் கூட்டிக்கொள்ளலாம். கறுப்பு இறங்குகிற அன்று, கொல்லைக்குப் போகும்போது கண்ணாலேயே பார்க்கலாம், தார் மாதிரி போகும் என்றார்.

அப்படியே போயிற்று. அதுதான் வேடிக்கை. வேறு எந்தச் சாமியார் சொன்னதாவது இவ்வளவு துல்லியமாகப் பலித்ததுண்டா? விபூதியை நக்கிய அரைமணி நேரத்தில் முழங்கால் மடங்கியது. விடாமல் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கறுப்பும் இறங்கியது. இறங்கிய வீட்டில் பொங்கல் வைத்தார்கள். இறங்காதவர்கள் பொறாமைப்பட்டுச் சிட்டிகையைக் கூட்டிக்கொண்டார்கள்.

சாமி காசைத் தொடமாட்டார். வீட்டில் கறுப்பாக எது இருந்தாலும் இறங்கிய கறுப்பு திரும்பி வந்து அதில் ஏறிக்கொள்ளும் என்பதால், அவற்றை மட்டும் பெரிய மனசு பண்ணி வாங்கிக்கொண்டார். கறுப்புக் கோழி, கறுப்பு வெள்ளாடு, கறுப்புக் கம்பளி, மூட்டை மூட்டையாக உளுந்து. அடுப்பில் ஏறிய பானைகளும் கறுப்புத்தான். அவை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

சென்னப்பன் வீட்டில் ஒரு கறுப்புப் பசு இருந்தது. வேளைக்கு இரண்டு படி கறக்கும். அதன்மேல் சாமிக்கு ரொம்ப நாளாகவே கவலை.

சென்னப்பன் விவரமில்லாதவன் இல்லை. கேழ்வரகு விற்றால் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பான். மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்ப்பான். பெண்டாட்டியின் உடம்புக்குள் போகிற மருந்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினான். கண்ணை மூடினால்தான் பலிக்கும் என்று சாமி சொல்லியிருந்தார்.

அவன் பெண்டாட்டி வெங்கடம்மாளுக்கு முழங்கால் வலி நாலைந்து வருஷமாக. விபூதி சாப்பிட்ட முதல் நாளே அவள் குந்தி உட்கார்ந்து எழுந்தாள். சென்னப்பனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது பொய்க் கண்ணீர் இல்லை, அவளும் பொய்க்கு எழுந்து நிற்கவில்லை. கறுப்பு இறங்கியபோது அவன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனான்.

"எங்கூட்டுக்காரிக்கு எறங்கிடுச்சு. நல்லாக் கொழகொழன்னு, அமாவாசைக் கறுப்பு."

"ஒரு தடவையா?"

"மூணு தடவை."

கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அதற்கு முன்னால் ஊரில் ஒரு சாவு நடந்திருந்தது. ராமப்பன் பெண்டாட்டி பூவம்மாள். அவளுக்குக் கறுப்பு இறங்கு இறங்கென்று இறங்கி, கடைசியில் உயிரும் கூடவே இறங்கிவிட்டது. "ஏழு தலைமுறைக் கறுப்பு. மொத்தமும் போயிடுச்சு. இனி அவளுக்குப் பிறவியில்லை" என்றார் சாமி. ராமப்பன் சுடுகாட்டிலிருந்து நேரே வந்து அவர் காலில் விழுந்து, ஒரு கறுப்பு ஆட்டையும் கட்டிவிட்டுப் போனான்.

இந்த நேரத்தில்தான் மங்கம்மா வந்தாள். வெங்கடம்மாளின் தங்கை. ஜூஜுவாடி ரோட்டோரத்தில் புருஷனோடு பெட்டிக்கடை வைத்திருந்தாள். லாரிக்காரர்களுக்குப் பீடி, வெற்றிலை, தலைவலி மாத்திரை விற்பவள். அக்காளுக்குப் புளி தட்ட ஒத்தாசையாக இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். வெங்கடம்மாளின் முகம் வெளுத்த வேட்டியாக இருந்தது. எழுந்து வந்து தங்கையின் கையைப் பிடிப்பதற்குள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"என்னா மாமா இது? அக்காளுக்கு ஒடம்புல ரத்தமே இல்லையே."

"கறுப்பு எறங்குதும்மா. அப்படித்தான் இருக்கும்" என்றான் சென்னப்பன் பெருமையாக. விபூதியைக் காட்டினான். மங்கம்மா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"சாம்பல் எங்கியாவது புளிக்குமா மாமா?"

"சாமி விபூதி. எப்படி வேணாலும் இருக்கும்."

"எங்க கடை மாத்திரை இப்படித்தான் புளிக்கும். போன வருஷம் ஒரு லாரி டிரைவரு, பட்டினியா வண்டி ஓட்டினு மணிக்கு ஒரு மாத்திரை போட்டினு இருந்தாரு. தார் மாதிரித்தான் போச்சு. ஆஸ்பத்திரியில அது ரத்தம்னாங்க. வயிறு புண்ணாயி உள்ள வடியிற ரத்தம் கறுப்பாத்தான் வெளிய வருமாம். அக்காளை இப்பவே ஓசூருக்குத் தூக்கினு போலாம், வண்டியைக் கட்டுங்க."

சென்னப்பன் வண்டியைக் கட்டவில்லை. பாதியில் மருந்தை நிறுத்தினால் கறுப்பு தலைக்கு ஏறிப் பைத்தியம் பிடிக்கும் என்று சாமி ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். பாதியில் யாரும் போய்விடக் கூடாதல்லவா. வெங்கடம்மாளும் தலையை ஆட்டினாள்.

"மொழங்கால் மடங்குதுடி மங்கம்மா. அஞ்சு வருஷம் கழிச்சு மடங்குது. அந்தச் சாமியை உட்டுட்டு நான் எங்கியும் வரமாட்டன்."

மங்கம்மாவுக்கு அழுகை வந்தது. அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், அக்காள் அசையவில்லை. பிறகு அழுகையை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள். எருமுட்டைச் சாம்பலை வெள்ளைத் துணியில் சலித்தாள். அம்மியில் எதையோ மாவாக அரைத்தாள். ஒரு சட்டியில் போட்டு வாயைக் கட்டினாள்.

"சரி மாமா. நாளைக்குக் காலையில நானும் சாமியைப் பாக்க வர்றன். அக்காளையும் வண்டியிலயே கூட்டினு வாங்க. எனக்கும் புத்தி வந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

சென்னப்பனுக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் தோப்பில் நல்ல கூட்டம். அன்று சாமி பிரசங்கத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். விபூதியில் என்ன கலக்கிறார் என்று அத்திப்பள்ளியில் எவனோ கேட்டுவிட்டானாம். "சாம்பல்ல என்னா இருக்குது? சாம்பல் சாம்பல்தான். மந்திரம்தான் மருந்து" என்றார்.

மங்கம்மா சட்டியோடு எழுந்து போய் விழுந்து கும்பிட்டாள்.

"சாமி, சரியாச் சொன்னீங்க. மந்திரம்தான் மருந்து. அப்படின்னா எங்கூட்டு அடுப்புச் சாம்பலையும் மந்திரிச்சுக் குடுப்பீங்களா? ஜூஜுவாடியில நெறையப் பேரு நோவோட கெடக்கறாங்க. இங்க இருக்கறவங்களுக்கும் இதையே குடுத்தீங்கன்னா உங்க மகிமையை நாலு பேரு பாப்பாங்க."

சாமி சட்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். முடியாது என்றால் இப்போதுதான் சொன்னது பொய்யாகும். சரி என்று அடுப்புச் சாம்பலைக் கொடுத்தால், எதிரே குந்தியிருப்பவர்களுக்கு வலி போகாது. ஆனால் சாமியார் தொழிலில் இருப்பவருக்கு ஒரு துணித் திரை எப்போதும் உண்டு.

"தாராளமா. திரைக்குப் பின்னால உரு ஏத்தணும். யாரும் எட்டிப் பாக்கக் கூடாது, கண்ணு போயிடும்."

சட்டி திரைக்குப் பின்னால் போனது. மலையாளமில்லாத மலையாளம் சத்தமாகக் கேட்டது. சட்டி திரும்பி வந்தது. முன்னால் குந்தியிருந்த மாரம்மா என்பவள் முதலில் கை நீட்டினாள், பிறகு வரிசையாக ஒவ்வொருவரும் ஒரு சிட்டிகை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்கள். வெங்கடம்மாளுக்கு வாங்கி வந்து வாயருகே நீட்டிய சென்னப்பனின் கையை மங்கம்மா பிடித்துக்கொண்டாள்.

"மாரம்மக்கா, உப்பு ரொம்பத் தூக்கலா இருக்குதா?" என்று கேட்டாள்.

"உப்பா? உப்பு ஏதும்மா? புளிக்குது."

"உங்களுக்கு?"

"புளிப்புத்தான். லேசாக் கசக்குது."

வரிசை முழுக்க ஒரே பதில். புளியிலேயே பிறந்து புளியிலேயே கிடக்கிற ஊர். அவர்கள் நாக்கு இந்த ஒரு விஷயத்தில் தவறாது.

மங்கம்மா நிமிர்ந்து நின்றாள். "நான் கொண்டாந்த சாம்பல்ல ஒரு பிடி கல்லுப்பை அரைச்சுக் கலந்திருந்தன். பாதிக்குப் பாதி உப்பு. நாக்குல வெச்சாத் துப்பணும். அந்த உப்பு எங்க போச்சு சாமி?"

கூட்டம் முழுக்கச் சாமி பக்கம் திரும்பியது. சாமி ஒரு நொடிதான் யோசித்தார். சும்மா சொல்லக் கூடாது, திறமைசாலி.

"உப்பைப் போட்டு என்னைச் சோதிச்சியா? மந்திரம் உப்பை எடுத்துடுச்சும்மா. உப்பே இல்லாமப் பண்ணிட்டேன், பாத்தியா?"

கூட்டத்தில் பாதி கன்னத்தில் போட்டுக்கொண்டது. "உப்பையே எடுத்துட்டாரே" என்று நாராயணப்பன் என்கிற பெரிய குடித்தனக்காரர் மெய்சிலிர்த்தார். புரட்டைப் பிடிக்க வைத்த பொறியில் புதுசாக ஓர் அற்புதம் பிறந்துவிட்டது.

சென்னப்பன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். உதட்டில் நிறமே இல்லை. அவன் கையில் இன்னும் அந்தச் சிட்டிகை இருந்தது. தராசுத் தட்டைத் தூக்கிப் பார்க்கிற பழைய புத்தி அப்போதுதான், ரொம்பத் தாமதமாக, அவனுக்குத் திரும்பி வந்தது.

"எடுத்த உப்பை எங்க வெச்சீங்க சாமி?" என்று கேட்டான்.

"என்னாப்பா?"

"எடுத்தா எங்கியாவது இருக்கணுமே. பாத்துட்டு வந்துடறன்."

"கண்ணு போயிடும்" என்றார் சாமி.

"போவட்டும்" என்றான் சென்னப்பன். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

உள்ளே கறுப்புக் கம்பளிக்கு அடியில் சாம்பல் கொட்டிக் கிடந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. காறித் துப்பினான். பக்கத்தில் ஒரு தகர டப்பா, வாய் வரைக்கும் வெள்ளை மாத்திரை. ஒரு சின்னக் கல்வம், அதில் பாதி இடித்த மாத்திரைத் தூள். இன்னொரு பக்கம் மூடி வைத்திருந்த தயிர்ச்சோறு. ஊரையே பட்டினி போட்டவர் தாம் மட்டும் காலையிலேயே சாப்பிட்டுவிட்டு மீதி வைத்திருந்தார். சென்னப்பனின் கண் இரண்டும் நன்றாகவே தெரிந்தன. எல்லாவற்றையும் கம்பளியோடு சேர்த்து இழுத்து வந்து வெளியே போட்டான்.

ஒவ்வொருவராக வந்து சாம்பலைத் தொட்டு நக்கிப் பார்த்தார்கள். உப்பு, உப்பு என்று வாய்க்கு வாய் போயிற்று. ஓடப் பார்த்த சாமியை மடக்கிப் பிடித்தார்கள். நாலு அடி விழுந்தது. அடித்தவர்களை விலக்கிக்கொண்டு ராமப்பன் முன்னால் வந்தான். அவன் கை ஓங்கவில்லை.

"எம் பூவம்மாளுக்குப் போச்சே சாமி. அது என்னா?"

சாமியின் கண் கூட்டத்துக்குள் ஓட வழி தேடியது.

"சொல்லு. அடிக்கமாட்டன்."

"நான் பெங்களூர்ல மருந்துக்கடையில பொட்டலம் கட்டினு இருந்தவன்" என்றான் அவன். அதற்குள் சாமி வெறும் ஆளாகிவிட்டிருந்தான். "மூட்டுவலிக்கு நானும் இதைத்தான் தின்னன். எனக்கும் அப்படிப் போச்சு. டாக்டரு, அது ரத்தம்டா, வெறும் வயித்துல திங்காதேன்னாரு. அதுலேருந்து நான் சாப்ட்டுட்டுத்தான் போட்டுக்கறன்."

தெரிந்தேதான் செய்திருக்கிறான். ராமப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பெண்டாட்டி ரத்தமாக வடிந்து செத்ததற்கு ஆடு கட்டிவிட்டு வந்த மனிதன் அவன். அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் அதற்குப் பிறகு அடிக்கத் தோன்றவில்லை. போலீஸுக்கு ஆள் அனுப்பினார்கள்.

சென்னப்பன் நிற்கவில்லை. வண்டியை அடித்து ஓட்டிக்கொண்டு ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போனான். வெங்கடம்மாள் இப்போது மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பு இல்லை.

டாக்டர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஊசி போட்டுப் பாட்டில் ஏற்றினார். இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தவர், சென்னப்பன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சாமியின் டப்பாவிலிருந்து எடுத்து வந்திருந்த மாத்திரையை அவன் நீட்டினான்.

"அப்ப இது வெஷமுங்களா?"

"விஷமில்லப்பா. மூட்டுவலிக்கு நல்ல மருந்து, நானே எழுதிக் கொடுக்கறதுதான். ஆனா அளவு உண்டு. வயிறு நெறையச் சாப்பிட்ட பிறகுதான் போடணும். நெஞ்செரிச்சல், வயித்துப் புண்ணு இருக்கறவங்க கேக்காமப் போடக் கூடாது, வயசானவங்க, புள்ளத்தாச்சிங்களும் அப்படித்தான். நாள்கணக்கா அவங்கவங்களே போட்டுக்கக் கூடாது. மலம் கறுப்பாப் போனா அந்த நிமிஷமே நிறுத்திட்டு இங்க வரணும்."

"நாங்க பொங்கல் வெச்சமுங்க" என்றான் சென்னப்பன்.

சென்னப்பன் வராந்தாவுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

வெங்கடம்மாள் பிழைத்தாள். பாலும் கஞ்சியுமாக நெடுநாள் கிடந்து எழுந்தாள். முழங்கால் மறுபடி வலித்தது. அதற்கு டாக்டர் வெந்நீர் ஒத்தடம் சொன்னார், குந்தி உட்காராமல் பலகை போட்டு உட்கார்ந்து புளி தட்டச் சொன்னார். அதில் மந்திரம் இல்லாததால் ஊரில் யாருக்கும் சுவாரசியம் இல்லை.

இத்தோடு ஊருக்குப் புத்தி வந்துவிட்டது என்று சொல்லிக் கதையை முடிக்க ஆசைதான். நடந்தது வேறு.

சாமி ஜெயிலுக்குப் போன வாரமே பன்னேபள்ளி ஜூஜுவாடிக்குப் படையெடுத்தது. மங்கம்மாவின் கடை வாசலில் நின்ற கூட்டத்தில் முன்னால் நின்றவர் நாராயணப்பன்.

"அந்த மாத்திரைதானேம்மா வேலை செஞ்சது? நடுவுல அந்தப் பித்தலாட்டக்காரன் எதுக்கு? ஒரு கை குடு."

"சாப்ட்டீங்களா?"

"இல்லை. வெறும் வயித்துலதான் வேகமாக் கேக்கும்."

"யாரு சொன்னது?"

நாராயணப்பன் கொஞ்சம் தயங்கினார். "சாமி சொன்னாரு" என்றார்.

மங்கம்மா டப்பாவை மூடினாள். கடைப் பலகையில் ராமப்பன் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நாளாக அவன் தினமும் நடந்து வந்து அங்கேதான் உட்காருகிறான். தலையைத் தூக்காமலே சொன்னான்.

"எம் பூவம்மாளும் அப்படித்தான் தின்னா."

நாராயணப்பன் கையை மெல்ல இழுத்துக்கொண்டார். பின்னால் நின்றவர்களில் சிலர் சாப்பிட்டு வர வீட்டுக்குத் திரும்பினார்கள். சிலர் ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று விசாரித்தார்கள். மற்றவர்கள், மாத்திரை கேட்டால் கேள்வி கேட்காமல் கொடுக்கிற கடை அத்திப்பள்ளியில் இருக்கிறதாமே என்று பேசிக்கொண்டே ரோட்டைத் தாண்டினார்கள்.

சாமியாரை அடைக்க ஜெயில் இருக்கிறது. அவன் சொன்னதை அடைக்க எந்த அரசாங்கமும் ஜெயில் கட்டவில்லை. அதை அவனவன் மண்டைக்குள்தான் பிடித்து நிறுத்தி, "நீ யார், எங்கிருந்து வந்தாய், நிஜம்தானா?" என்று கேட்டாக வேண்டும். ஜீப்பில் வந்தவனிடம் கேட்கத் தெரிந்த வாய்தானே, வாயில் போடுகிற மருந்துக்கு மட்டும் ஏன் பேசாமல் திறக்கிறது?